கைதட்டல் வாங்காத இரண்டு தட்டுகள்: ராக் பாட்டில் ஹை-ஹாட்

#1 பழைய வாக்மேன்

எனக்கு வாசிக்கத் தெரியாது. மேசையில் விரலால் தட்டுவதோடு சரி. ஆனால் பாட்டுக் கேட்பதில் நான் கொஞ்சம் தேர்ந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் அந்த நினைப்பில் மண் விழுந்தது.

தி போலீஸ் குழுவின் 'வாக்கிங் ஆன் தி மூன்' 1979-ல் வந்தது. என் கைக்கு வந்தபோது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன், அது பழைய பாட்டாகிவிட்டிருந்தது. யாரோ வைத்திருந்த கேசட்டிலிருந்து அறை நண்பன் பதிவுசெய்தான், அவனுடையதிலிருந்து நான். நகலுக்கு நகல். போதாததற்கு டேப் இரைச்சல் போகட்டும் என்று டால்பி பட்டனை வேறு அழுத்தி வைத்திருப்பேன். அந்த ஒலியைத்தான் பாட்டு என்று நம்பி இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

மகள் புது ஹெட்போன் வாங்கியதும் பழையதை என்னிடம் தள்ளிவிட்டாள். அதில் இந்தப் பாட்டைப் போட்டேன். பாஸ் கிடார் நாலைந்து சுரம் பேசிவிட்டு நின்றுவிடுகிறது. கிடார் ஒரு கார்டை அடித்துக் காற்றில் விட்டுவிடுகிறது. நடுவில் காலியாகக் கிடக்கிற அந்த இடத்தில் யாரோ மெல்லிய உலோகத்தைக் குச்சியால் கிள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருமுறை கிள்ளினால் அது இன்னும் இரண்டு மூன்று முறை எதிரொலித்துத் தேய்கிறது. அந்த எதிரொலிக்கு வழிவிட்டு அடுத்த கிள்ளல் வருகிறது. ஒரு சுற்று வாசித்ததை அடுத்த சுற்றில் அப்படியே வாசிப்பதில்லை.

என் கேசட்டில் இது இல்லவே இல்லை. நகலெடுக்கும்போது முதலில் செத்துப்போவது உச்ச ஒலிகள்தானே. டிரம் கிட்டில் காலால் திறந்து மூடுகிற இரட்டை உலோகத் தட்டு, அந்த ஹை-ஹாட், முழுக்க அங்கேதான் வாழ்கிறது. ஆக, அந்தக் குழுவின் டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லண்ட் வாசித்ததில் பாதியைக் கேட்காமலே அவருக்கு ரசிகனாக இருந்திருக்கிறேன்!

வாசிப்பவர்கள் சொல்லுங்கள். இதில் திறமை எங்கே இருக்கிறது, வேறு யாரை எப்படிக் கேட்க வேண்டும்?

#2 நாலாவது ஃப்ரெட்

கோபித்துக்கொள்ளாதீர்கள் சார், நான் கிடார் ஆள். மேடையில் எனக்கு ஹை-ஹாட் என்றால் இடது காதுக்குள் ஆணி அடிக்கிற சத்தம். டிக் டிக் டிக் டிக் என்று நேரம் காட்டுவதுதான் அதன் வேலை. கடிகாரத்தை யாராவது ரசிப்பார்களா? டிரம்மரின் திறமையைக் கேட்க வேண்டுமென்றால் கிக்கையும் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) ஸ்னேரையும் (முன்னால் இருக்கும் சின்ன டிரம்) கேளுங்கள்.

#3 இடதுகால்

வந்துவிட்டார் ஐயா, கிடார்காரர். வாங்க.

நான் பதினாறு வருஷமாக வாசிக்கிறேன், கொஞ்சம் பேருக்குச் சொல்லியும் தருகிறேன். கிட்டில் இருக்கும் மற்ற எல்லாமே ஒருமுறை அடித்தால் முடிந்தது. அடித்த பிறகும் ஒலியை உங்கள் பிடியில் வைத்திருக்க முடிகிற ஒரே உருப்படி ஹை-ஹாட்தான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டு. மேல்தட்டு ஒரு கம்பியில் தொங்குகிறது, கம்பி கீழே பெடலோடு சேர்ந்திருக்கிறது. இடது காலை அழுத்தினால் மூடும், தளர்த்தினால் திறக்கும்.

இறுக்கி மூடி, குச்சியின் நுனியால் தட்டின் மேற்பரப்பில் தட்டினால் 'டிக்'. அதே இறுக்கத்தில் குச்சியின் தோள்பட்டையால் விளிம்பில் அடித்தால் 'சக்', கனமாக. காலை ஒரு நூல் தளர்த்தினால் தட்டுகள் ஒன்றையொன்று உரசி 'ஷ்ஷ்' என்று கொதிக்கும். முழுக்கத் திறந்து அடித்து உடனே மூடினால் 'ட்ஸ்ஸுப்'. குச்சியே படாமல் காலால் மட்டும் மூடினால் 'ச்சிக்'. கொஞ்சமாகத் திறப்பது என்பதற்குள்ளேயே எத்தனையோ நிலை உண்டு, எல்லாம் கணுக்காலில்தான் இருக்கிறது.

திறப்பது யாருக்கும் வரும். மூடுவதுதான் கஷ்டம். ஒரு சுற்றுக்கு எட்டு அடி என்று வைத்துக்கொண்டால், எட்டாவதில் திறந்ததை அடுத்த சுற்றின் முதல் அடியில் மூட வேண்டும். அதே நொடியில் வலது கால் கிக்கை அடிக்கிறது. இரண்டு காலும் சேர்ந்து இறங்கவில்லையென்றால் 'ட்ஸ்ஸுப்' முடிகிற இடம் வழவழவென்று ஆகிவிடும். கேட்பவருக்கு என்ன தப்பு என்று தெரியாது. ஆட வந்தவர் மட்டும் உட்கார்ந்துவிடுவார்.

கோப்லண்டைப் பற்றி: அவர் கெய்ரோவிலும் பெய்ரூட்டிலும் வளர்ந்தவர். போலீஸ் குழுவைத் தொடங்கிய நேரத்தில் லண்டனில் ரெக்கே என்ற ஜமைக்கா இசை எல்லோர் காதிலும் இருந்தது. ரெக்கேயின் 'ஒன் டிராப்' தாளத்தில் முதல் பீட்டில் கிக் விழாது, மூன்றாவதில்தான் விழும். அப்படியென்றால் முதல் பீட்டில் பாட்டைப் பிடித்திருப்பது யார்? ஹை-ஹாட். பாப் மார்லியோடு வாசித்த கார்ல்டன் பாரெட்டைக் கேளுங்கள். நேராகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு மும்மைத் தட்டைச் சொருகிவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்வார். அந்தச் சொருகலை எடுத்து, ராக் வேகத்தில், எதிரொலி தரும் டிலே கருவியையும் சேர்த்துக்கொண்டு கோப்லண்ட் தன் வழியில் வளர்த்தார்.

#4 பழைய வாக்மேன்

'ட்ஸ்ஸுப்'பைப் படித்துவிட்டு வாயால் செய்துபார்த்தேன். வீட்டில் பூனை ஓடிவிட்டது.

#5 ஃபேடர்

நான் ஒலிப்பதிவு ஆள். நாலாவது ஃப்ரெட் சொன்ன ஆணிச் சத்தத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன், காரணம் வேறு. ஸ்னேருக்கு வைக்கிற மைக்கிலிருந்து ஹை-ஹாட் ஒரு சாண் தள்ளித்தான் இருக்கும். ஸ்னேரைத் தூக்கினால் கூடவே ஹை-ஹாட்டும் ஏறிவரும். ஸ்னேர் கொஞ்சம் பளிச்சென்று கேட்கட்டும் என்று உச்ச ஒலியைக் கூட்டினால் போச்சு, ஹை-ஹாட் எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி வெடிக்கும். அதற்கென்று தனி மைக் வைத்துவிட்டுக் கடைசிவரை அதன் ஒலியைக் கூட்டும் ஃபேடரைத் திறக்காமலே மிக்ஸை முடித்த நாட்கள் எனக்கு உண்டு. குவீன்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜ் 2002-ல் 'சாங்ஸ் ஃபார் தி டெஃப்' செய்தபோது டேவ் க்ரோலின் டிரம்மைத் தனியாகவும் சிம்பல்களை (உலோகத் தட்டுகளை) தனியாகவும் பதிவுசெய்தார்கள். வேறு வழியில்லாமல் இல்லை, இரண்டும் சுத்தமாகத் தனித்தனியே கையில் வேண்டும் என்பதற்காக.

இந்த இழைக்கு ஏற்ற கதை இன்னொன்று இருக்கிறது. பீட்டர் கேப்ரியல் 1980-ல் தன் மூன்றாவது தனி ஆல்பத்தைச் செய்யும்போது டிரம்மர்களிடம் ஒரு நிபந்தனை போட்டார்: சிம்பல் கூடாது. ஹை-ஹாட் உட்பட எந்த உலோகமும் கூடாது. வாசித்தவர்கள் ஃபில் காலின்ஸும் ஜெர்ரி மரோட்டாவும். பாவம், சாப்பாட்டில் உப்பே போடாதே என்று சமையல்காரரிடம் சொன்ன மாதிரி. கை தானாகச் சிம்பலுக்குப் போகும், அங்கே ஒன்றும் இருக்காது.

அந்த வேலையில்தான் லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் எஞ்சினியர் ஹியூ பேட்ஜமின் காதில் ஒரு புது ஒலி விழுந்தது. உள்ளே வாசிப்பவர் பேசுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவேண்டும் என்று அறையில் ஒரு மைக் தொங்கும். எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் கேட்பதற்காக அதில் சின்ன ஒலியையும் பெரிய ஒலியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருகிற மூர்க்கமான கம்ப்ரெஸர் வைத்திருப்பார்கள். அந்த மைக் திறந்திருந்த நேரத்தில் காலின்ஸ் வாசித்தார். அறையே இடிந்து விழுவது போல டிரம் வந்தது. அந்த ஒலியின் வாலை நாய்ஸ் கேட் (ஒலி தணிந்ததும் சட்டென்று மூடிவிடும் கருவி) போட்டு வெட்டினார்கள். எண்பதுகள் முழுக்க ஓடிய டிரம் ஒலி இப்படிப் பிறந்ததுதான். அந்தக் கம்ப்ரெஸருக்குள் ஒரு க்ராஷ் சிம்பல் போயிருந்தால்? அதன் ரீங்காரத்தை மேலே மேலே இழுத்து எல்லாவற்றையும் மூடியிருக்கும். அந்த ஒலிக்கு உலோகம் இல்லாததும் ஒரு வசதி.

ஆறு வருஷம் கழித்து, 1986. அதே கேப்ரியலின் 'சோ' ஆல்பம், முதல் பாட்டு 'ரெட் ரெயின்'. டிரம்ஸ் யார் என்று பார்த்தால் ஜெர்ரி மரோட்டா. அதே ஆள்! அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெயர். ஹை-ஹாட்: ஸ்டூவர்ட் கோப்லண்ட். ஒரு டிரம்மர் ஏற்கெனவே இருக்கும்போது இரண்டு தட்டுக்காக மட்டும் இன்னொருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் ஒருகாலத்தில் தட்டையே தடைசெய்த மனிதர்.

பாட்டைக் கேட்டால் ஏன் என்று புரியும். தூறலாக ஆரம்பிக்கிறது. தகரக் கூரையில் மழை விழுந்தால் எல்லாத் துளியும் ஒரே கனத்தில் விழாது இல்லையா? அப்படித்தான் வாசித்திருக்கிறார். வேகம் மாறுவதில்லை, ஒவ்வொரு தட்டின் கனம்தான் மாறுகிறது. இதை இயந்திரத்தில் நிரலெழுதிச் செய்யப் பார்த்திருக்கிறேன், ஒரு மணி நேரத்தில் கைவிட்டேன்.

#6 நாலாவது ஃப்ரெட்

> வேகம் மாறுவதில்லை, ஒவ்வொரு தட்டின் கனம்தான் மாறுகிறது

சரி, இப்போதுதான் போட்டுக் கேட்டேன். 'ரெட் ரெயின்' எனக்குத் தெரிந்த பாட்டு, இதை மட்டும் கவனித்ததில்லை. அரை மனதாக ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. கோப்லண்ட் மாதிரி ஊசி ஊசியாகச் செதுக்குவதுதான் திறமை என்றால் ஏசி/டிசி-யின் ஃபில் ரட் என்ன ஆவார்? 'பேக் இன் பிளாக்' (1980) ஹை-ஹாட் எண்ணிக்கையோடுதான் தொடங்குகிறது. அப்புறம் பாட்டு முடியும்வரை எந்த வித்தையும் கிடையாது. எனக்கு அதுதான் டிரம்மிங். அந்தப் பாட்டில் கிடார் வாசிக்க நான் ஒருபோதும் பயந்ததில்லை. கோப்லண்டோடு வாசிக்கச் சொன்னால் பயப்படுவேன்.

#7 இடதுகால்

அண்ணே, ஃபில் ரட்டைக் குறைத்துச் சொன்னது யார்? அவர் எட்டுத் தட்டையும் வாசிக்கும் விதத்தைப் பாருங்கள், ஒற்றைப்படைத் தட்டு கனமாகவும் இரட்டைப்படைத் தட்டு லேசாகவும் விழும். கை மேலே போகும்போது ஒரு தட்டு, கீழே வரும்போது ஒரு தட்டு. அந்த ஆட்டம் இல்லாமல் எட்டும் ஒரே கனத்தில் விழுந்தால் நீங்கள் சொன்ன கடிகாரம்தான். மாணவர்களுக்கு நான் முதல் மூன்று மாதம் சொல்லித்தருவது இது ஒன்றைத்தான், அதற்குள் பாதிப்பேர் ஓடிவிடுகிறார்கள்.

'வித்தை இல்லை' என்ற பேச்சு வந்ததால் சார்லி வாட்ஸைச் சொல்லியே ஆகவேண்டும். ரோலிங் ஸ்டோன்ஸில் அவர் வாசிக்கிற பிற்கால மேடைக் காணொளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், சத்தத்தை அணைத்துவிட்டு அவருடைய வலது கையை மட்டும் பாருங்கள். எட்டுத் தட்டில் மூன்றாவதிலும் ஏழாவதிலும் இடது கை ஸ்னேரில் இறங்குகிறது. சரியாக அந்த இரண்டு இடத்தில் வலது கை ஹை-ஹாட்டிலிருந்து மேலே எழும்பிவிடும், சூடு பட்டவர் மாதிரி. அடிப்பதே இல்லை. மற்ற டிரம்மர்கள் பெரும்பாலும் எட்டு அடிக்கிற இடத்தில் அவர் ஆறுதான் அடித்தார்.

விளைவு என்ன? ஸ்னேர் தனியாக நிற்கிறது. உலோகம் எதுவும் கூட ஒட்டிக்கொண்டு வராது. கூடவே அந்தக் கை எழும்பி இறங்குவதற்குள் ஒரு மயிரிழைத் தயக்கம் வந்துவிடும். ஸ்டோன்ஸ் பாட்டுகள் கொஞ்சம் தள்ளாடிக்கொண்டே விழாமல் போவதற்கு அந்தத் தயக்கமும் ஒரு காரணம் என்பது என் கட்சி. 2021-ல் அவர் காலமானபோது நான் வகுப்பில் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரு வாரம் இதை மட்டும்தான் வாசிக்கவைத்தேன். ஒருவனுக்கும் வரவில்லை. எனக்கும் முழுசாக வராது. கை தானாக எட்டையும் அடித்துவிடுகிறது.

#8 ஃபேடர்

அடிக்காத இரண்டு தட்டுக்காக என் போன்றவர்கள் அவருக்குச் சிலை வைக்கலாம்.

#9 திஸ்ர நடை

நான் மிருதங்கம் வழி வந்தவன், ராக் கேட்பது மருமகன் புண்ணியத்தில். படித்துக்கொண்டே வரும்போது ஒன்று தோன்றியது. இடதுகால் சொல்கிற 'டிக்', 'ட்ஸ்ஸுப்' எல்லாம் எனக்குப் பழக்கமான ஒலிகள்தான். பஜனையில் ஜால்ரா போடுகிறவர் இரண்டு தட்டையும் சேர்த்து அமுக்கினால் ஒரு ஒலி, விளிம்பில் தொட்டு விலக்கினால் ஒரு ஒலி. ஹை-ஹாட் என்பது காலால் போடுகிற ஜால்ரா. நம் ஊரில் 'ஜால்ரா' என்றாலே வசவாகிவிட்டது. ஒருமுறை ஒழுங்காகப் போட்டுப்பார்த்தால் யாரும் அப்படித் திட்ட மாட்டார்கள்.

மருமகன் 'ரோசானா'வைப் போட்டுக்காட்டினான். டோட்டோ குழு, 1982, டிரம்மர் ஜெஃப் பொர்காரோ. அவன் ஏதோ அரைவேக ஷஃபிள் என்று விளக்கினான், மண்டையில் ஏறவில்லை. பிறகு நானே சொல்கட்டில் போட்டுப்பார்த்தேன், பிடிபட்டது. தகிட தகிட தகிட தகிட, அவ்வளவுதான். 'த'வும் 'ட'வும் வலது கை, ஹை-ஹாட்டில். நடுவில் இருக்கும் 'கி' இடது கை, ஸ்னேரில். ஆனால் அந்தக் 'கி' இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாக. மூன்றாவது தகிடவின் 'த'வில் மட்டும் ஸ்னேர் ஓங்கி விழுகிறது. பக்கத்துப் பக்கத்தில் அத்தனை மெதுவும் அத்தனை ஓங்கலும், ஒரே கையில். எங்கள் பக்கத்தில் இதற்குச் சபாஷ் போட்டிருப்பார்கள்.

#10 இடதுகால்

திஸ்ர நடை ஐயா, வணக்கம். நீங்கள் நாலு வரியில் சொன்னதை நான் வகுப்பில் நாலு வாரம் சொல்கிறேன். இனிமேல் 'தகிட'வை எடுத்துக்கொள்கிறேன்.

அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று பொர்காரோவே ஒரு பயிற்சிக் காணொளியில் விளக்கியிருக்கிறார், மறைக்கவில்லை. டிரம்மர் பெர்னார்ட் பர்டியின் ஷஃபிள் (அந்தத் தகிட நடைதான்) ஒரு பங்கு, லெட் செப்பலினின் 'ஃபூல் இன் தி ரெயின்' பாட்டில் ஜான் பான்ஹாம் வாசித்தது ஒரு பங்கு, அதன்மேல் பாடகர் போ டிட்லியின் பெயரில் வழங்கும் தாளத்தின் கிக். பர்டியைக் கேட்க ஸ்டீலி டானின் 'ஹோம் அட் லாஸ்ட்' (1977). பான்ஹாமை எல்லோரும் இடி முழக்கம் என்றுதான் சொல்வார்கள். 1979-ல் வந்த 'ஃபூல் இன் தி ரெயின்' கேளுங்கள், அந்த இடி மனிதர் ஒவ்வொரு சுற்றிலும் ஹை-ஹாட்டைத் திறந்து மூடுவது எவ்வளவு நாசூக்காக இருக்கிறது. அவர் வைத்திருந்தது 15 அங்குலத் தட்டு. வழக்கமானது 14. பெரிய தட்டு சோம்பேறி, சொன்ன நேரத்துக்கு மூடாது. அதைவைத்து அப்படி வாசித்திருக்கிறார்.

ஒற்றைக் கை வேகம் பிடிக்கிறவர்களுக்கு ரஷ் குழுவின் 'டாம் சாயர்' (1981). நீல் பியர்ட் தகதிமி தகதிமி என்று வலது கை ஒன்றாலேயே ஓட்டுகிறார், நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 தட்டு. கேட்க நன்றாக இருக்கும், முயற்சி செய்தால் முன்கை கல்லாகிவிடும். எனக்கு என்னவோ அது வியப்பைத்தான் தருகிறது, ஆட வைப்பதில்லை. அடிக்க வராதீர்கள்.

#11 புதுக்குச்சி

அண்ணா, நான் ஆறு மாதமாகத்தான் கற்றுக்கொள்கிறேன். வாடகை கிட். காலால் மூடினால் 'ச்சிக்' வருவதே இல்லை, 'புஸ்' என்று காற்றுப் போகிற மாதிரி வருகிறது. என் கால்தான் மோசமா?

#12 இடதுகால்

தம்பி, கால் மேல் பழி போடாதே. இரண்டு தட்டும் துல்லியமாகப் பொருந்தி மூடினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். கீழ்த்தட்டுக்கு அடியில், ஸ்டாண்டில், ஒரு சின்னத் திருகு இருக்கிறதா பார். அதைத் திருகினால் கீழ்த்தட்டு ஒரு பக்கம் லேசாகச் சாயும், காற்று வெளியேற வழி கிடைக்கும். பைஸ்டி நிறுவனத்தின் சவுண்ட் எட்ஜ் தட்டில் கீழ்விளிம்பையே அலை அலையாகச் செய்திருப்பது இதற்காகத்தான். அப்புறம் இடைவெளி: காலை எடுத்த நிலையில் இரண்டு தட்டுக்கும் நடுவில் உன் விரல் ஒன்று நுழைய வேண்டும். அதைவிட அதிகமென்றால் மூடுவதற்குள் பீட் போய்விடும்.

வாடகை கிட் என்றாய், அதனால் இன்னொன்று. சொந்தமாக ஒரு கிளட்ச் வாங்கிப் பையில் வை. பைக் கிளட்ச் இல்லை, மேல்தட்டைக் கம்பியில் பிடித்திருக்கும் அந்தச் சின்ன உருப்படி. ஏன் என்று சொல்கிறேன். ஒரு கல்லூரி விழா, வாடகைக்கு வந்த கிட். மூன்றாவது பாட்டு நடுவில் காலைத் தூக்குகிறேன், கம்பி மட்டும் மேலே போகிறது. தட்டு கீழ்த்தட்டின் மேல் சுகமாகப் படுத்துக்கிடக்கிறது. கிளட்சின் அடி நட்டு கழன்று எங்கேயோ உருண்டுவிட்டது. மரை தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். மிச்சப் பாட்டு முழுக்க 'டிக்' மட்டும்தான், திறக்கவே முடியவில்லை. கோரஸுக்கு ரைடு சிம்பலில் போய் ஒட்டிக்கொண்டேன். பாடகர் திரும்பித் திரும்பி என்னை முறைக்கிறார். கீழே இறங்கியதும் ஒருவர் கைகொடுத்து, 'இன்றைக்கு ரொம்ப அடக்கமாக வாசித்தீர்கள், அருமை' என்றார். நன்றி சொல்லிவிட்டு நட்டைத் தேடப் போனேன்.

#13 நாலாவது ஃப்ரெட்

அந்தக் கைகொடுத்தவர் கிடார்காரராகத்தான் இருப்பார்.

#14 ஃபேடர்

ரிங்கோ ஸ்டாரை யாரும் சொல்லாதது எனக்கு ஆச்சரியம். இதுவரை எல்லோரும் செதுக்குவதைப் பற்றியே பேசினோம். பீட்டில்ஸின் ஆரம்பப் பாட்டுகளில், 'ஷீ லவ்ஸ் யூ' மாதிரி, அவர் ஹை-ஹாட்டைப் பாதி திறந்தே வைத்துச் சளசளவென்று வாசிப்பார். தனித்தனித் தட்டு என்று ஒன்றுமே இருக்காது, ஒரே கொதிப்பு. குச்சியை மேலும் கீழும் தட்டாமல் பக்கவாட்டில் துடைக்கிற மாதிரி ஆட்டுவார், காரின் வைப்பர் போல. இன்றைக்கு என்னிடம் யாராவது அப்படி வாசித்துக் கொண்டுவந்தால் மூடிவாசி என்பேன். நல்லவேளை, 1963-ல் நான் அந்த அறையில் இல்லை.

#15 பழைய வாக்மேன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இந்தப் பட்டியலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாட்ஸின் கையைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து, 'டிவியில் ஒலி போய்விட்டதா?' என்று கேட்டாள். அந்த மூன்றாவது, ஏழாவது இடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'தோசையைத் திருப்பப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி இருக்கிறது' என்றாள். இடதுகால் சொன்ன அதே சூடு!

பரணிலிருந்து அந்தப் பழைய கேசட்டையும் இறக்கினேன். பிளேயரின் பெல்ட் தொய்ந்துபோயிருக்கிறது, பாட்டு அரைச் சுரம் கீழே ஓடுகிறது. டால்பியை எடுத்துவிட்டுப் போட்டேன். இரைச்சலுக்கு அடியில், மிக அடியில், ஏதோ கிள்ளுகிற மாதிரி இருந்தது. ஹை-ஹாட்டா, பெல்ட் உரசுகிற சத்தமா என்று சத்தியமாகத் தெரியவில்லை. பெல்ட் மாற்றித்தர ஆள் கிடைத்தால் சொல்கிறேன்.

#16 புதுக்குச்சி

அண்ணா, திருகு இருந்தது! துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகினேன். 'ச்சிக்' வந்துவிட்டது. இப்போது மாடி வீட்டுக்காரர்தான் வந்திருக்கிறார், பிறகு எழுதுகிறேன்.